ஒயர் இல்லாமல் சுற்றிய விசிறி

ஜூலை மாதத்து ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு வெயிலை நம்பி ஆராய்ச்சி செய்தவள் நான். என் புத்திசாலித்தனத்துக்கு இதற்குமேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

தேயிலைச் சாயம் ஏற்றிய கண்ணாடிச் சில்லுகளில் வெயில் பட்டால் மின்சாரம் வரும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. (கொஞ்சூண்டுதான் வரும். ஆனால் பைக்காரா மின்நிலையத்தை நானே இழுத்துப் பூட்டப்போவதாக நினைப்பு.) பன்னிரண்டு சில்லுகளைக் கோத்து ஒரு பொம்மை விசிறியோடு இணைத்திருந்தேன். மதிப்பிட வரும் கோவைப் பேராசிரியர் முன்னால் அது சுற்றினால் ஆய்வைத் தொடரலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் வந்த அன்று மூடுபனியில் கல்லூரி வாசலே தெரியவில்லை.

"வெயில் எப்பம்மா வரும்?" என்றார், மஃப்ளருக்குள்ளிருந்து.

"கிளென்மார்கன்ல நல்லா அடிக்குதாம் சார்." (யாரும் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.)

கல்லூரி ஜீப்பில் கிளம்பினோம். ஓட்டியவர் எங்கள் தெருக்காரர் மணியண்ணன். கிளென்மார்கனில் பனி. பைக்காராவில் மழை. பேராசிரியர் மூன்றாவது டீயைக் குடித்துவிட்டு, "போதும், திரும்பிடலாம்" என்றார்.

திரும்பும் வழியில், ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் பளீரென்று வெயில்!

"நிறுத்துங்கண்ணா!" என்று குதித்து, பெட்டியை ஜீப்பின் பானெட்டில் வைத்தேன். விசிறி சுற்றியது. சும்மா இல்லை, விர்ரென்று! பேராசிரியர் கை தட்டினார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும் என்னவென்று தெரியாமலே தட்டினார்கள். நான் கண் கலங்கி எலக்ட்ரான்களைப் பற்றி உரையாற்றத் தொடங்கினேன்.

மணியண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த ஒயரு ரெண்டும் கழண்டு தொங்குதுங்களே. அது அப்படித்தான் இருக்கோணுங்களா?"

சுற்ற வைத்தது மலைக்காற்று. பாய்ந்து ஒயரை மாட்டி, காற்றுக்கு ஸ்வெட்டரை மறைப்பாகப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. விசிறி நின்றது.

பேராசிரியர் சிரித்துச் சிரித்து இருமினார். "தலைப்பைக் காற்றாலைன்னு மாத்திக்கம்மா. முடிவு பிரமாதமா வந்திருக்கு."

நல்ல மனிதர். சில்லுகளைக் கோவைக்குக் கொண்டுபோய் ஆய்வக விளக்கின் கீழ் அளந்து பார்த்து, மின்சாரம் வருவது உண்மைதான் என்று எழுதி அனுப்பினார். பட்டமும் கிடைத்தது.

ஆனால் மணியண்ணன் அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் முழுக்கதையையும் நடித்துக் காட்டிவிட்டார். இப்போது நான் வேதியியல் துறைத் தலைவி. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இன்னும் பெருமையாகச் சொல்கிறார்:

"எம்பட புள்ள காத்துல டாக்டர் பட்டம் வாங்குச்சுங்க."

ஏதோ வாயு சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி போலிருக்கிறது என்று அவர்களும் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள்.