முகாரியில் திரும்பிய விமானம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு வீடியோ கேம்தான் செய்திருக்கிறேன். அதைக் கடைசிவரை விளையாடியவரும் ஒரே ஒருவர்தான். (கடைசி என்பது மூன்றாவது நிமிடம்.) அதில் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழைவதாலேயே நான் ஒரு விஞ்ஞானி என்று நம்பிய வயது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அம்மா தைத்த பூப்போட்ட உறையோடு உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் அக்கா பத்மாவுக்கு ஜெர்மனி மாப்பிள்ளை அமைந்தார். இரண்டு வருடமாக அங்கே வேலை. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இரண்டு பக்கமும் சரியென்று சொல்லியாகிவிட்டது. அக்கா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. பாஷை தெரியாத ஊரில் ஒரு பால் பாக்கெட் எப்படி வாங்குவது என்று அவளுக்குப் பயம். அப்பாவிடம் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொள்வார் என்பதால் என்னிடம் சொன்னாள். (ஆலோசனை கேட்க அவளுக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள்.)

தாம்பரத்தைத் தாண்டியிராத நான், புலம்பெயர்ந்தவர்களின் மொழித் துயரத்தை கேமாக எழுதக் கிளம்பினேன். லஸ் நடைபாதையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஜெர்மன் வழிகாட்டிதான் ஆதாரம். சதுரத் தலையோடு ஓர் ஆள் ரொட்டிக் கடை, பஸ், டாக்டர் என்று போவான். ஜெர்மனில் கேள்வி வரும். மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று தப்பு செய்தால் மூன்று உயிரும் போய், விமானம் அவனை மீனம்பாக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த இடத்தில் சோகமாக ஏதாவது வாசிக்க வேண்டுமே? அழுகை ராகம் என்று பெயரெடுத்த முகாரியைப் பீப் பீப்பென்று சேர்த்துவைத்தேன்.

தாம்பூலம் மாற்ற மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பாட்டு டீச்சர். பிள்ளைக்கு ஜெர்மன் தண்ணி பட்ட பாடு என்று பஜ்ஜி முடிவதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டார். காப்பி வருவதற்குள் நான் கம்ப்யூட்டர் உறையை உருவி, மாப்பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைத்தேன். பாஷை தெரிந்தவர் பார்த்தால் பிழை திருத்தலாமே என்ற நல்லெண்ணம்தான்.

மாப்பிள்ளைக்கு வேர்க்க ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. ரொட்டிக் கடையில் ஓர் உயிர் போயிற்று. பஸ்ஸில் இன்னொன்று. டாக்டர், எங்கே வலிக்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளை வெகுநேரம் யோசித்து, 'இன்று செவ்வாய்க்கிழமை' என்ற பதிலைத் தேர்ந்தெடுத்தார். விமானம் கிளம்பியது. கூடம் முழுக்க முகாரி.

வெற்றிலைத் தட்டு தயாராக இருக்கிற நேரத்தில், அதுவும் பாட்டு டீச்சர் காதில்! மாமி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா பார்த்த பார்வையில் நான் பாதி எரிந்தேன். புத்தகம்தான் தப்பு என்று உளறினேன்.

"புஸ்தகம் தப்பில்லை. எனக்குத்தான் வரலை" என்றார் மாப்பிள்ளை. அம்மா பக்கம் திரும்பினார். "நான் லெட்டர்ல எழுதினதெல்லாம் பொய்ம்மா. ஆபீஸ்ல இங்கிலீஷை வெச்சு ஓட்டிண்டிருக்கேன். கடையில கையைக் காட்டித்தான் வாங்கறேன். பல்வலின்னு சொல்லத் தெரியாம ஒரு மாசம் டாக்டர்கிட்டயே போகலை."

கல்யாணப் பெண் வாய் திறக்கக்கூடாத சபை அது. அக்கா உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"இப்போ பல் எப்படி இருக்கு?"

"பிடுங்கியாச்சு. கையைக் காட்டினேன். பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டா."

அக்கா சிரித்துவிட்டாள். மாமி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"முகாரின்னு தெரியற அளவுக்குப் போட்டிருக்கே. ஆனா இதோட எழுந்துக்கப்படாது. மத்யமாவதி போடு."

கச்சேரியில் நேர்ந்த குற்றம் குறையெல்லாம் கடைசியில் மத்யமாவதி பாடினால் தீர்ந்துவிடும் என்பது பாட்டுக்காரர்களின் நம்பிக்கை. நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று சாஸ்திரிகள் எச்சரித்தார். மாமி ஸ்வரம் சொல்லச் சொல்ல, முகாரி இருந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது, அந்த ராகம் கேட்க வேண்டுமானால் யாராவது மறுபடியும் தோற்க வேண்டும். மாப்பிள்ளையே வந்து உட்கார்ந்தார். இந்த முறை ஒன்றரை நிமிடத்தில் தோற்றார். பீப் பீப் மத்யமாவதியில் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் நடந்தது. இருவரும் அந்த ஊரில் ஒன்றாகவே மொழி வகுப்பில் சேர்ந்தார்கள். அக்கா சீக்கிரமே முந்திவிட்டாள். இன்றைக்கும் சென்னைக்கு வந்தால் அத்திம்பேர் இந்தக் கதையைச் சொல்லாமல் விமானம் ஏறுவதில்லை. "எல்லாரும் ஜெயிச்சுட்டுக் கல்யாணம் பண்ணிப்பா. நான் ஒரே சாயங்காலத்துல ரெண்டு தடவை தோத்துட்டுப் பண்ணிண்டேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அக்கா சிரிக்க மாட்டாள். "ஜெயிச்சிருந்தேள்னா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்பாள்.