படுக்கையறையில் ஒரு மலை

அழைப்பு மணி அடித்தபோது கணக்காளர் மலையில் பாதி ஏறியிருந்தார். மலை அவருடைய படுக்கையறையில் இருந்தது.

விவரமாகச் சொன்னால், சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் இரும்புத் தாங்கியில் அதைப் பூட்டியிருந்தார். எதிரே கணினித் திரை. திரையில் பாதை செங்குத்தானால் தாங்கி தானாகவே மிதியை இறுக்கும். அவரவர் வீட்டில் இருந்தபடியே எத்தனையோ பேர் அதே மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். திரையில் அவருக்குப் பெயர் 'சிறுத்தை'. உச்சியைத் தொட்டால்தான் சைக்கிள் சங்கத்தின் நெடும்பயணத்தில் இடம். நடுவில் இறங்கினால் மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சிறுத்தை ஏற்கெனவே இரண்டு முறை இறங்கியிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு மனைவி உள்ளே பாய்ந்தாள்.

"என்னங்க, வந்துட்டாங்க!"

"யாரு?"

"யாரா? உங்க பொண்ணைக் கட்டிக்கப் போறவனும் அவன் அம்மாவும்!"

"சாயங்காலம்னுதானே சொன்னாங்க? நான் கணக்குப் போட்டுத்தானே ஏறினேன்?"

"சீக்கிரமே கிளம்பிட்டாங்களாம். இறங்குங்க முதல்ல."

அவர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். உடம்போடு ஒட்டிய அரைக்கால் சட்டை. மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை. குளியலறைக்குப் போக ஹாலைத் தாண்ட வேண்டும்.

"இந்தக் கோலத்துல சம்பந்தி முன்னாடி எப்படிப் போறது?"

மனைவியும் அந்தக் கோலத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள்.

"வேண்டாம். நீங்க வெளியூர் போயிருக்கீங்கன்னு சொல்லிடறேன். அந்தம்மா ரொம்பக் கண்டிப்பு. நம்ம பொண்ணு ரெண்டு வருஷமா இந்த நாளுக்காகத்தான் காத்துட்டிருக்கா. இன்னைக்கு உங்களால காரியம் கெட்டுச்சு, உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தெருவுல நிறுத்திடுவேன். மூச்சு விடாம இருங்க."

"மூச்சு விடாம எப்படிடீ மிதிக்கிறது?"

"மிதிக்க வேற போறீங்களா?" என்ற கேள்வி கதவோடு சேர்ந்து சாத்திக்கொண்டது.

அவர் நல்ல தகப்பன்தான். சத்தமில்லாமல் மிதிப்பது என்று முடிவு செய்தார்.

ஹாலில் நாற்காலிகள் நகர்ந்தன. கோப்பைகள் தட்டில் உட்கார்ந்தன.

"வீட்டுக்காரர் இல்லையா?" இது பையனின் அம்மா. குரலிலேயே இஸ்திரி போட்டிருந்தது.

"அவசர வேலையா வெளியூர் போயிட்டாருங்க. உங்க வீட்டுக்காரரும் வரலையே?"

"அவருக்கு உடம்பு முடியலை. எழுந்து உட்காரக்கூட முடியாமப் படுத்திருக்கார்."

'பாவம்' என்று கணக்காளர் உள்ளே உச்சுக்கொட்டினார். உச்சுக்கொட்டியபடியே மிதித்தார்.

அப்போது திரையில் ஒரு நீலச் சட்டை அவரை முந்தியது. பெயர் 'இரும்புக்கால்'. காலையிலிருந்து இதே வேலை. இவர் முந்துவார், அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, இவர் தண்ணீர் குடிக்கும் நேரமாகப் பார்த்துத் தாண்டிப் போவான். குடும்பம் குட்டி இல்லாதவன் போலிருக்கிறது. கணக்காளர் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். தாங்கி உறுமியது.

"உள்ள என்ன சத்தம்?" என்றாள் பையனின் அம்மா.

"தண்ணி மோட்டாருங்க" என்றாள் மனைவி.

கணக்காளர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்க மேசை விசிறியை நிறுத்தினார். விசிறியின் இரைச்சல்தான் அதுவரை அவர் மூச்சை மறைத்துக்கொண்டிருந்தது என்பது நிறுத்திய பிறகு தெரிந்தது. அறை முழுக்கக் கொல்லன் துருத்தி.

"மோட்டாருக்கு மூச்சு வாங்குது ஆன்ட்டி" என்றான் பையன். "நான் மோட்டார் கம்பெனியிலதான் வேலை பார்க்கறேன். ஒரு நிமிஷம் பார்த்துடட்டுமா?"

"வேண்டாம்! டீ ஆறிடும்!" என்றாள் மகள்.

மலையின் மிகச் செங்குத்தான வளைவு அந்த நேரம் பார்த்து வந்தது. தாங்கி இறுக்கியது.

"ஐயோ... அம்மா!" என்றது மோட்டார்.

ஹாலில் ஒரு கோப்பை 'ணங்'கென்று தட்டில் இறங்கியது.

"எங்க மாமனாருங்க" என்றாள் மனைவி. "உள்ள படுத்திருக்கார்."

பையன் மகளைப் பார்த்துக் கேட்டான். "தாத்தா தவறிட்டார்னு நீ நம்ம ஆபீஸ்ல லீவு போட்டியே?"

"அது அம்மாவோட அப்பா. இவர் அப்பாவோட அப்பா."

"அதுக்கப்புறம் இன்னொரு தாத்தாவும் தவறிட்டார்னு போட்டியே? மாலை வாங்க நானும் காசு போட்டேனே?"

"சின்ன மாமனார்!" என்றாள் மனைவி அவசரமாக. "மாமனாரோட தம்பி. அவரும் மாமனார் மாதிரிதான்."

உள்ளே சின்ன மாமனார் கழுத்துத் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். 'ஐயோ' நின்றது. அதற்குப் பதில், மூழ்குகிறவன் கடைசியாகச் சொல்ல நினைப்பது போன்ற ஒரு 'ஹ்ங்... ஹ்ங்' கிளம்பியது.

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது.

"நான் ரிடையர் ஆகற வரைக்கும் ஆஸ்பத்திரியில நர்சா இருந்தவ" என்றாள் பையனின் அம்மா. "இது நல்ல மூச்சு இல்லை. நகருங்க."

"தூங்கறாருங்க!"

"இப்படியே விட்டா எழுந்திருக்கவே மாட்டார். நகருங்கம்மா."

கதவு திறந்தது.

வாயில் துண்டு, பழுத்த தக்காளி முகம், காலடியில் சிறு குளம். கணக்காளர் சைக்கிள் மேல் இருந்தபடியே கைகூப்ப முயன்று, விழப் பார்த்து, பிடியைப் பிடித்துக்கொண்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் பையனின் அம்மாவின் தோளுக்குப் பின்னால் மகளின் கண்கள் நிறைந்திருந்தன.

சிறுத்தை மிதிப்பதை நிறுத்தியது. துண்டை வாயிலிருந்து எடுத்தது.

"மன்னிச்சுடுங்கம்மா. நான்தான் பொண்ணோட அப்பா. வெளியூரும் போகலை, ஒண்ணும் போகலை. சைக்கிள் பைத்தியம். இவங்க சொன்ன பொய்யெல்லாம் என்னால வந்தது. கோபமிருந்தா என்னைத் திட்டுங்க. என் பொண்ணை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க. தங்கமான பொண்ணு. அவளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது."

அந்தம்மா அவரைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்தாள். நீலச் சட்டை உச்சியை நோக்கி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. பையன் ஏனோ கூரையைப் பார்த்தான்.

"இந்த இரும்புக்கால்..." என்று இழுத்தாள்.

"யாரோ ஒரு வெட்டிப்பயல்ங்க" என்றார் கணக்காளர், பேச்சு வேறு பக்கம் திரும்பிய நிம்மதியில். "காலையிலிருந்து என் உயிரை வாங்கறான். வீட்டுல கேட்க ஆளில்லை போல."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கணக்காளரின் துண்டை எடுத்து உதறி அவர் தோளில் போட்டாள். விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

"மிதிங்க சம்பந்தி, விடாதீங்க! எழுந்து உட்காரக்கூட முடியாமப் படுத்திருக்கார்னு சொன்னேனே எங்க வீட்டுக்காரர், அந்த வெட்டிப்பயல்தான் இது!"