தாம்பாளத்தில் ஒரு மலை

ஒரு காட்டில், மலைச்சரிவில் வளை தோண்டி, வள்ளிக்கண்ணு என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். மகா கூச்சக்காரி. யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே வெட்கத்தில் முள்ளெல்லாம் நட்டுக்கொள்ளும். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துக் கேட்டவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அதனால் அவளுக்குப் பேசிப் பழக வாய்ப்பே அமையவில்லை.

அவளுடைய மூத்த மகள் தர்ஷிகா காட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வளைக்குள் இரண்டு கைக்குழந்தைகள் வேறு.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுப் புத்தகம் கொடுத்தார்கள். 'நம் பூமி: நீயே செய்து பார்' என்று பேர். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். அதில் ஒரு பாடம் இப்படிச் சொன்னது: உன் வீட்டுப் பக்கத்து மண்ணை எடு. தட்டில் மலை செய். ஒரு பக்கம் செடி நடு, மறுபக்கம் மொட்டையாக விடு. தண்ணீர் ஊற்று. என்ன நடக்கிறது என்று பார்.

தர்ஷிகா தாம்பாளத்தில் மலை செய்தாள். மொட்டைப் பக்கத்தில் விரலால் ஒரு ஓட்டை போட்டு, "இது நம்ம வீடும்மா" என்றாள். நிஜத்திலும் அந்தப் பக்கம் மொட்டைதான். யானை ஐயா மாளிகை கட்டுவதற்காக அங்கிருந்த மரத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்.

தர்ஷிகா செம்புத் தண்ணீரை ஊற்றினாள். செடிப் பக்கம் சும்மா இருந்தது. மொட்டைப் பக்கம் பொதுக்கென்று இளகி, வீட்டையும் இழுத்துக்கொண்டு தாம்பாளத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

வள்ளிக்கண்ணு தாம்பாளத்தைப் பார்த்தாள். தூங்குகிற குழந்தைகளைப் பார்த்தாள். தலைக்கு மேலே இருக்கிற மண்ணைப் பார்த்தாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர்கிட்ட சொல்லலாம்டி. அவங்க சொன்னா யானை ஐயா மரத்தைத் திரும்ப நடுவாரு" என்றாள்.

பிள்ளைகள் செய்த மலைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். சரிந்த மலையைத் திரும்பச் செய்து, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் போனார்கள். அங்கே வரிசையாக மலைகள். எல்லாம் குரங்கு கடையில் வாங்கிய தெர்மாகோல் மலைகள். பச்சை பெயின்ட், பஞ்சு மேகம், உச்சியில் மினுக்குகிற சீரியல் லைட்.

பக்கத்து வளை முயல் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னக்கா இது! மண்ணுலயா மலை செஞ்சீங்க?"

மயில் டீச்சர் ஓடி வந்தாள். "ஐயோ, தரையெல்லாம் சேறு! சீஃப் கெஸ்ட் வர்ற நேரம். ஏம்மா, படத்துல மலை எவ்வளவு அழகா நிக்குது, பாக்கலையா?"

"தண்ணி ஊத்தினா சரியுது டீச்சர்" என்றாள் தர்ஷிகா.

"உன்னை யாரு ஊத்தச் சொன்னது?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"போட்டிருக்கிறதையெல்லாம் செஞ்சுட்டு வந்தா நாங்க எப்படிப் பாடம் நடத்துறது?"

வள்ளிக்கண்ணு வாயைத் திறந்தாள். "டீச்சர், எங்க வீடு..." என்பதற்குள் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. டீச்சர் பயந்து நாலடி பின்னால் போனாள்.

சீஃப் கெஸ்டாக வந்தது யானை ஐயாதான். ஒவ்வொரு மலைமேலும் துதிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சினார். தெர்மாகோல் மலைகள் பளபளவென்று நின்றன. தாம்பாளத்து மலை மட்டும் சரிந்தது.

"பார்த்தீங்களா? மரம் இல்லாட்டி மலை சரியும்னு வதந்தி கிளப்பினாங்க. இத்தனை தெர்மாகோல் மலையில ஒண்ணுலகூட மரம் இல்ல, ஒண்ணும் சரியல. எது சரிஞ்சது? செடி வச்ச மலைதான்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முயல் குட்டிக்கு முதல் பரிசு. தர்ஷிகாவுக்கு முட்டை மார்க்.

வள்ளிக்கண்ணு அன்று சாயங்காலமே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எதிர் மேட்டு மரத்தடிக்குக் குடிபோனாள். "கோவிச்சுக்கிட்டுப் போறா" என்றாள் முயல்.

மழை வந்தது. மொட்டைப் பக்கம் முழுசாக இளகிச் சரிந்தது. வள்ளிக்கண்ணுவின் காலி வளை, முயலின் வளை, யானை ஐயாவின் மாளிகை எல்லாம் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தன. முயல் குடும்பம் உருண்டு புரண்டு உயிர் தப்பியது.

உடனே விசாரணைக் கமிட்டி போட்டார்கள். தலைவர் யானை ஐயா.

"இந்த மலை எத்தனை காலமா நின்னுச்சு?"

"எங்க பாட்டன் காலத்திலிருந்துங்க" என்றாள் முயல்.

"எப்போ சரிஞ்சது?"

"இந்தப் பொண்ணு சரிச்சுக் காட்டின பிறகுதாங்க."

"அவ்வளவுதான். மலை அதுபாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்குச் சரியத் தெரியாது. தாம்பாளத்துல வச்சுச் சொல்லிக்கொடுத்துட்டாங்க."

"முன்கூட்டியே காலி பண்ணிட்டுப் போனாங்களே, தெரியாமலா போனாங்க?" என்று மயில் டீச்சரும் ஒத்து ஊதினாள்.

தீர்ப்பு வந்தது. சரிந்த மண் முழுவதையும் வள்ளிக்கண்ணு அள்ளி மேலே கொட்ட வேண்டும். புத்தகத்தின் பெயரையும் மாற்றினார்கள்: 'நம் பூமி: செய்யாமல் பார்'.

பகலெல்லாம் மண் அள்ளிவிட்டு வள்ளிக்கண்ணு மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். தர்ஷிகா பழைய புத்தகத்தையே விரித்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

"அடுத்த பாடம், நிலநடுக்கம். ஒரு பலகையை எடுத்து..."

வள்ளிக்கண்ணு பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப் படிடி. கீழே இருக்கிற பூமிக்குக் கேட்டுடப் போகுது."

நீதி: பூமியைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம், பூமி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.