எழுந்து நடந்தவர்களின் செருப்பு

"சக்கர நாற்காலியில் வாருங்கள்! அதை எங்களிடமே விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள்!"

எங்கள் செம்புச் சுரங்கக் காலனியின் சுவரெல்லாம் இந்த நோட்டீஸ்தான். பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டியிருந்த நோட்டீசின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஊசி வலிக்கும். அற்புதம் வலிக்காது.

வரப்போகிறவர் தீர்க்கதரிசி ஹோப்சன் கபாசோ, பரலோக மின்னல் ஊழியத்தின் நிறுவனர். அவர் முகம் கழுவிய தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியதும் மூன்று வருடமாக நின்ற லாரி கிளம்பிவிட்டதாம். குழாய்த் தண்ணீரை ஊற்றினாலும் கிளம்பியிருக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை. வண்டிகளோடு பிழைக்கிற எனக்கே தோன்றவில்லை.

நான் போனிஃபேஸ். மார்க்கெட் வாசலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் வேலையில் பாதி லோம்பே சிஸ்டரிடமிருந்து வரும். ஆஸ்பத்திரியில் அவள் அறை வாசலில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று பலகை தொங்கும். அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு நாலு வாலிபர்களாவது சான்றிதழோடு வந்து, "சுரங்கத்துல ஆள் எடுக்கறாங்களா சிஸ்டர்?" என்று கேட்பார்கள்.

"வேலை வாங்கித் தர மாட்டேன்பா. வேலை செய்ய முடியாமப் போனவங்களைத் திரும்பச் செய்ய வைப்பேன்" என்பாள். அவர்கள் ஏமாற்றத்தோடு போவார்கள்.

பக்கவாதம் வந்தவர்கள், சுரங்கத்தில் கால் நசுங்கியவர்கள் என்று யார் வீட்டுக்குப் போனாலும் அவள் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல. அடுப்பு எவ்வளவு உயரம், கழிப்பறைக்கு எத்தனை படி, தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு என் பட்டறைக்கு வருவாள். படிக்குப் பதில் சரிவுப் பாதை, சைக்கிள் சக்கரம் வைத்த நாற்காலி, ஒற்றைக் கையால் தக்காளி நறுக்க இரண்டு ஆணி துருத்திய பலகை எல்லாம் செய்யச் சொல்வாள்.

அப்படித்தான் பானா சிசாலா மறுபடி பலகாரக் கடை போட்டாள். அந்தப் பெயருக்குச் சிசாலாவின் அம்மா என்று அர்த்தம். அவள் சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஈரத்துணி மேல் சட்டியை வைத்தால் நழுவாது, ஒற்றைக் கையாலேயே மாவு பிசையலாம் என்று காட்டிக்கொடுத்தாள் லோம்பே. எட்டு மாதம் பிடித்தது. அதன்பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பானா சிசாலா பொரித்த விட்டும்புவா என்கிற இனிப்பு மாவு உருண்டை காலை எட்டு மணிக்குள் தீர்ந்துபோகும். இதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

தீர்க்கதரிசி வந்த ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து மைதானத்தில் நாலாயிரம் பேர். முதுகுவலிக்காக நானும் போயிருந்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் போயிருப்பீர்கள். சிவப்புப் பட்டை அணிந்த தொண்டர்கள் வாசலில் நின்று எல்லாரையும் அன்பாகத் தாங்கினார்கள். மேடைக்கு முன்னால் ஒரு வரிசை சக்கர நாற்காலிகள். மேடையில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காலணி, தங்கப் பல்லோடு கபாசோ "எழுந்திரு!" என்று கத்தினார். முன்வரிசையில் ஏழு பேர் எழுந்தார்கள். நடந்தார்கள். ஒரு கிழவி ஆடவே செய்தாள். மைதானம் அலறியது. நான் முதுகுவலியை மறந்து குதித்தேன். மறுநாள் வலி இரண்டு மடங்கு.

"விசுவாசம் இருக்கிறவன் நாற்காலிக்குத் திரும்ப மாட்டான்! ஊன்றுகோலைக் கொண்டுபோகிறவன் நோயையும் கொண்டுபோகிறான்!" என்று முழங்கினார். மைதானத்தின் பின்கோடியில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம், உண்மையிலேயே நடக்க முடியாதவர்களை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களும் தங்கள் நாற்காலிகளை ஒப்படைத்தார்கள். பானா சிசாலாவை மகன்கள் முதுகில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் விட்டும்புவா கடை திறக்கவில்லை. சனிக்கிழமை லோம்பே என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். பானா சிசாலா பாயில் கிடந்தாள். அறையில் மூத்திர வாடை. புரட்டிப் பார்த்தால், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"நாற்காலி எங்கம்மா?"

"குடுத்துட்டேன் சிஸ்டர். அந்தாள் மேல தப்பில்ல. மத்தவங்கள்லாம் எந்திரிச்சாங்கல்ல? எனக்குத்தான் விசுவாசம் பத்தல. தினமும் விடியக்காலைல எந்திரிக்கப் பாக்கறேன். விழுந்துடறேன்."

லோம்பே தண்ணீர் சுட வைத்தாள். புண்ணைக் கழுவிக் கட்டினாள். வெளியே வந்ததும் சுவரில் ஒரு குத்துவிட்டாள். "போனி அண்ணே, நோயைக் குடுத்தவனை மன்னிச்சுடலாம். நோய்க்கு நீதான் காரணம்னு அவளையே நம்ப வச்சான் பாருங்க, அவனை விடக்கூடாது."

மறுநாள் இரண்டாவது கூட்டம். நாங்கள் சீக்கிரமே போய் வாசலில் நின்று பார்த்தோம். அப்படி நின்று பார்த்தாலே போதும், எல்லாம் தெரியும். போன வாரம் அப்படிப் பார்க்கத்தான் யாருமில்லை. தடியூன்றி மெதுவாக வந்த ஒரு கிழவரைச் சிவப்புப் பட்டைக்காரன் ஓடிப்போய்ப் பிடித்தான். "நிக்காதீங்க தாத்தா, கால் வலிக்கும். உக்காருங்க." அவர்களே கொண்டுவந்திருந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனான், முன்வரிசைக்கு. சொந்த நாற்காலியில் வந்த ரேடியோ மெக்கானிக் லுபெம்பாவை வேறொருவன் பின்பக்கம் தள்ளினான். "மழை வந்தா அங்கதான் கூரை இருக்கு சார்." வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"எழுந்திரு!" ஆரம்பமானது. அந்தக் கிழவர் எழுந்தார்.

"பதினோரு வருடம்! பதினோரு வருடம் நடக்காதவர்!" கபாசோவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. "சந்தேகப்படுகிறவர் யாராவது உண்டா? மேடைக்கு வாங்க!"

லோம்பே ஆஸ்பத்திரிச் சீருடையோடு மேடை ஏறினாள். அதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "பாருங்கள்! ஆஸ்பத்திரியே சாட்சி சொல்ல வந்துவிட்டது!" என்று மைக்கை அவளிடம் கொடுத்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"ரொம்பச் சந்தோஷம்" என்றாள் லோம்பே. "தாத்தா, உங்க செருப்பைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

கிழவர் குழம்பினார். எங்கள் ஊரில் செருப்பைக் காட்டு என்று யாரும் மரியாதையாகக் கேட்டதில்லை. கழற்றிக் கொடுத்தார். அவள் அடிப்பக்கத்தைக் கூட்டத்துக்குத் திருப்பினாள். குதிகால் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. டயர் துண்டால் இரண்டு ஒட்டு. ஒட்டின்மேல் இன்றைய செம்மண்.

"பதினோரு வருஷம் உக்காந்தே இருந்தவர் செருப்பு எப்படித் தேஞ்சுது? இது தனியா நடந்து போய்ட்டு வருதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நான் உக்காந்தே இருந்தேன்னு எப்பம்மா சொன்னேன்?" என்றார் கிழவர். மைக் அருகில்தான் இருந்தது. "வாசல்ல குடுத்த ஜெபச் சீட்டுல, பதினோரு வருஷமா மூட்டு வலின்னுதான் எழுதிக் குடுத்தேன். ரெண்டு மைல் நடந்துதான் வந்தேன். வாசல்ல அந்தத் தம்பி உக்காரச் சொன்னாரு. வயசுக்கு மரியாதைன்னு நெனச்சேன்."

முன்வரிசையில் ஒரு கிழவி தானாகவே செருப்பைத் தூக்கிக் காட்டினாள். "நானும் நடந்துதான் வந்தேன்! போன வாரமும் நடந்துதான் வந்தேன்!" ஆடிய கிழவி அவள்தான்.

"லுபெம்பா அண்ணே, உங்க ஷூ எப்ப வாங்கினது?" என்று லோம்பே மைதானத்தின் பின்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"என் கல்யாணத்துக்கு. ஆறு வருஷமாச்சு" என்று அவர் கத்தினார். அவர் பக்கத்தில் நின்றிருந்த நான் அந்த ஷூவில் ஒன்றைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அடிப்பாகத்தில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை.

"தீர்க்கதரிசி ஐயா, இப்ப இவரை எழுப்புங்க."

கபாசோ கண்ணை மூடினார். "இங்கே சந்தேகத்தின் ஆவி புகுந்துவிட்டது. அபிஷேகம் விலகிவிட்டது."

"அது எப்படிங்க, நடக்கறவங்களை எழுப்பறப்ப மட்டும் விலகவே மாட்டேங்குது?" என்றாள் லோம்பே. மைக் செத்தது. அதற்குள் நான் நாற்காலிகளைத் தேடி மேடைக்குப் பின்னால் ஓடிவிட்டேன். அங்கே ஒரு லாரியில் பன்னிரண்டு நாற்காலிகள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்பதில் என் வெல்டிங். என் கோணல் வெல்டிங்கை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

"டேய், நாற்காலியெல்லாம் விக்கறதுக்குக் கட்டி வச்சிருக்கான்டா!" என்று கத்தினேன். அதற்கு மைக் தேவைப்படவில்லை. கூட்டம் திரும்பியது. நடக்க முடியாதவர்களை ஓட வைப்பேன் என்றவர், இப்போது தானே ஓடினார். ஒரு வெள்ளைக் காலணி மேடையிலேயே கிடந்தது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் அவரை வேலி ஓரம் பிடித்தது.

பானா சிசாலாவின் புண் ஆற இரண்டு மாதமாயிற்று. நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, நடந்ததை லோம்பே ஒன்று விடாமல் சொன்னாள். பானா சிசாலா வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "அப்ப என்கிட்ட குறை ஒண்ணுமில்லையா?"

"இருக்கு. உன் விட்டும்புவால சக்கரை கம்மி" என்றாள் லோம்பே.

ஊர் திருந்தியதா என்று கேட்பீர்கள். போன வாரம் பட்டறைக்கு வந்த ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "கபாசோ போலிண்ணே. அடுத்த மாசம் வர்றவரு அசல்."

நாலாயிரம் பேருக்குக் கண் இருந்தது, வாய் இருந்தது. ஒரு கேள்வி கேட்கக் காலும் வேண்டாம், கையும் வேண்டாம். அந்த மைதானத்தில் உண்மையாகவே முடங்கிக் கிடந்தவை எங்கள் தலைகள்தான். அவற்றுக்கு லோம்பேயிடமும் சிகிச்சை இல்லை. அவரவரே எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான்.