மேல் மடுவத்து ஹோர்ன்

ஹோர்ன் வாயை மூடவே மாட்டேன் என்றது.

அந்தோனி அமுக்கியது ஒரே ஒரு தடவைதான். பற்றரியை மாட்டினால் முதலில் எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பது புத்தியுள்ளவன் வேலை. நம்ம ஆள் என்ன செய்தான்? லொறியின் ஸ்டியரிங் நடுவில் இருந்த கறுப்புக் குமிழை ஆசையாய்ப் பார்த்தான், அமுக்கினான். பல வருஷமாய் ஊமையாய்க் கிடந்த ஹோர்ன் 'பாஆஆம்' என்று ஆரம்பித்தது. உள்ளே போன குமிழ் மேலே வரவில்லை.

"அடங்கு தாயே, அடங்கு!" குமிழில் ஓங்கி ஒரு குத்து விட்டான். மூடி தெறித்து ஜன்னல் வழியாக வெளியே போய் விழுந்தது. சத்தம் முன்னைவிடக் கூடிப்போனது.

மடுவத்துப் படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த மொஹிதீன் நானா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "அந்தோனி! வெட்டப் போறது அதுக்கே வெளங்கிட்டு போல ஈக்கி!"

மொஹிதீன் நானா பதுளையில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர். காஸ் கட்டரோடு வந்திருந்தார். அதற்கும் காரணம் இருந்தது.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அந்தோனி பெக்டரி ஸ்டோர் கீப்பர். பழைய லொறி என்றால் பைத்தியம். மற்றவர்கள் போனில் பிள்ளைகளின் படம் வைத்திருப்பார்கள், அவன் போன் நிறைய மூக்கு நீண்ட லொறிகள். மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் ஓரத்தில், கோழி அடைந்து கிடந்த அறுபத்திரண்டாம் வருஷத்து பெட்ஃபோர்ட் லொறியை ஆறு மாதமாய், லீவு நாளெல்லாம் கிடந்து திருத்தியிருந்தான். பிரேக் புதுசு, டயர் புதுசு. சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட நம்பர் பிளேட்டைத் தன் பல்லைவிடப் பளபளப்பாய் வைத்திருந்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் பழைய லொறி, பஸ்களின் ஊர்வலம். பேரும் கொடுத்தாயிற்று.

ஆனால் தோட்டத்தை நடத்துகிற துரை ஒரே பேச்சாய்ச் சொல்லிவிட்டார். "சனிக்கிழம பன்னெண்டு மணிக்குள்ள அது சொந்த எஞ்சின்ல ஓடி பெக்டரி கேட்டுக்கு வரணும். வந்தா ஒனக்கு. வராட்டி இரும்புக்கு."

இன்று சனிக்கிழமை. மணி பத்தரை.

விடியக்காலையிலேயே வீட்டில் ஒரு சுற்று நடந்து முடிந்திருந்தது. அந்தோனியின் மனைவி ஜெசிந்தினி புள்ளமடுவத்து ஆயம்மா. கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். வேலைக்குக் கிளம்பும்போதே ஆரம்பித்தாள்.

"என்னாங்க, தள்ளுறதுக்கு நாலு பேர கூப்பிட்டு வச்சிக்கிறது."

"எதுக்கு? என் லொறி ஒரே செல்ஃப்ல புடிக்கும். எவன்கிட்டயும் போயி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்."

"கூரை ஒழுகுனப்பவும் இதே பேச்சுதான். மழைக்காலம் பூரா சட்டியத்தானே வச்சோம்!"

"அது வேற, இது வேற."

"என்னமோ போங்க. அந்தச் சக்களத்தி தொலைஞ்சா எனக்கு நிம்மதி. எங்கேருந்து வெட்டணும்னு நானாவுக்கு நானே காட்டிக் குடுக்குறேன்."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

இப்போது ஹோர்ன் அலறுகிறது. லொறி ஓடின காலத்தில் அந்த ஹோர்னுக்கு மேல் டிவிசனில் ஒரே அர்த்தம்தான். லொறி வந்துவிட்டது, கொழுந்து நிறுக்க எறங்கி வாங்க. அந்தோனி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்.

மேலே ஒருத்தி நிமிர்ந்தாள். அடுத்தவளும் நிமிர்ந்தாள். அப்புறம் நிரை நிரையாய் முப்பது பேரும் கூடையோடு இறங்க ஆரம்பித்தார்கள். நிறுவை பன்னிரண்டு மணிக்கு! வேலை நேரத்தில் மலையைக் காலி பண்ணினால் துரை லொறியோடு விடுவாரா? ஸ்டோர் சாவியையும் பிடுங்கிக்கொள்வார்.

அந்தோனி குதித்து இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினான். "வராதீங்க! போங்க! மேல போங்க!"

ஹோர்ன் போடுகிற கூச்சலில் யாருக்குக் கேட்கும்? கை ஆடுவதுதான் தெரிந்தது. பெண்கள் ஓட்டமாய் இறங்கினார்கள்.

"நீங்கதான் கையாட்டிக் கூப்புடுறீங்க!" என்றார் மொஹிதீன் நானா.

அந்தோனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் பற்றரி வயரைப் பிடித்து ஒரே இழுவை. ஹோர்ன் செத்தது. அப்பாடா என்று, சிக்கிக் கிடந்த குமிழை நெம்பி மேலே எடுத்துவிட்டு, வயரைத் திரும்ப மாட்டி, இந்தத் தடவை குமிழ் பக்கமே போகாமல், செல்ஃபை அடித்தான்.

'டிக்.'

மறுபடி அடித்தான். அந்த 'டிக்'கும் வரவில்லை. மாதா கோயில் ஜெனரேட்டரிலிருந்து ஃபாதரிடம் இரவல் வாங்கிய பற்றரி. அதில் இருந்த உயிரையெல்லாம் ஹோர்னே குடித்துத் தீர்த்திருந்தது.

அதற்குள் பெண்கள் மடுவத்தை நிறைத்துவிட்டார்கள். முன்னால் நின்றது கருப்பம்மா. அந்த மலையில் அவளைவிட வேகமாய்க் கொழுந்து எடுக்கவும் ஆள் கிடையாது, வாய் பேசவும் ஆள் கிடையாது.

"கூப்புட்டீங்க, வந்துட்டோம். நிறுங்க தம்பி."

"தெரியாம அடிச்சிருச்சு அக்கா."

"தெரியாமயா? பத்து நிமிசமாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெண்களுக்குப் பின்னாலேயே கங்காணி றொனி ஆடி அசைந்து வந்து சேர்ந்தான். அவன் கழுத்தில் விசில் தொங்கியது.

"றொனி, விசில ஊதி இவங்கள மேல அனுப்புப்பா. துரை கண்டா என் கத முடிஞ்சுது!"

றொனி விசிலைத் தொடவே இல்லை. "எறங்கினவங்கள ஏத்தி, திரும்ப எறக்கி, என்னாத்துக்கு? நிறுத்துருவோம்."

நிறுத்தார்கள். சாக்குச் சாக்காய்க் கொழுந்து குவிந்தது. அப்புறம்தான் அடுத்த இடி. பெக்டரி லொறி கீழ் டிவிசனில் நிற்கிறதாம், பன்னிரண்டரைக்கு முன்னால் வராதாம்.

"வெயில்ல கெடந்தா கொழுந்து வெந்துருமே," என்றாள் கருப்பம்மா.

"அந்தா ஒரு லொறி நிக்குதே. ஏத்துங்க அதுல," என்றான் றொனி.

"டேய், அதுவே அசைய மாட்டேங்குது, அதுல பாரத்த வேறயா?"

அந்தோனி கத்தக் கத்த, சாக்குகள் பெட்ஃபோர்டில் ஏறின. கடைசிச் சாக்கின் மேல் கருப்பம்மா கையை வைத்து அழுத்தி, கட்டு இறுக்கமா என்று பார்த்துவிட்டு இறங்கினாள். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. மொஹிதீன் நானா எழுந்து சாரத்தைத் தட்டினார்.

"அந்தோனி, இரும்ப வெட்டுவன். கொழுந்த வெட்ட எனக்கு ஏலா. எறக்கிப் போட்டுட்டு ஒரு வார்த்த செல்லுங்க."

அந்தோனி போய் சீட்டில் உட்கார்ந்தான். மடுவத்திலிருந்து வளைவு வரைக்கும் சமதரை. வளைவைத் தொட்டுவிட்டால் இறக்கம், டீசல் எஞ்சின், கியரில் விட்டால் பிடித்துவிடும். அந்த ஐம்பது அடி தள்ள ஆள் வேண்டும். முப்பது பேர் எதிரிலேயே நிற்கிறார்கள். 'கொஞ்சம் தள்ளுங்க' என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான். வரவில்லை. கண்தான் கலங்கியது. ஆறு மாசம். அழுக்கும் கிரீஸுமாய் ஆறு மாசம் உழைத்தது இந்த ஒரு வார்த்தையில் போகப் போகிறது.

லொறி அசைந்தது.

கண்ணாடியில் பார்த்தான். முப்பது பேரும் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றார்கள். மொஹிதீன் நானா கூட வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு மட்கார்டைப் பிடித்திருந்தார்.

"என்னா தம்பி பாத்துக்கிட்டு இருக்கீங்க? கியரப் போடுங்க!" கருப்பம்மாவின் குரல். "தள்ளுங்கடீ! ஐலசா!"

வளைவு வந்தது. இறக்கத்தில் லொறி தானாக உருண்டது. அந்தோனி சிலுவை போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் கிளச்சை விட்டான். ஒரு குலுக்கல், ஒரு இருமல், ஒரு கறுப்புப் புகை. அப்புறம் 'தட தட தட' என்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் மலையே அதிரக் கூச்சல். சாக்கு இறக்க ஆள் வேண்டுமே என்று கருப்பம்மா ஓடி வந்து தொத்தி ஏறிக்கொண்டாள்.

பெக்டரி கேட்டில் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பதினொன்று ஐம்பத்திரண்டு. லொறியைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார்.

"கொழுந்தோடவா கொண்டு வந்த?"

"ஆமாங்க துரை. இன்னைக்கு நிறுவ கொஞ்சம் வேளையோட..." அந்தோனிக்கு நாக்கு குழறியது.

"நல்லது. கொழுந்து வெயில்ல கெடக்கல." துரை கேட்டைத் திறக்கச் சொன்னார். "லொறி ஒனக்குத்தான். கொண்டு போ."

தன் வண்டியில் பின்னாலேயே வந்து சேர்ந்த மொஹிதீன் நானா, "அல்ஹம்துலில்லாஹ்! இத வெட்ட எனக்கும் மனசே வரல்ல," என்று அந்தோனியின் முதுகில் ஒரு அடி போட்டார்.

அந்தோனிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். குமிழ் படாமல் பார்த்துத்தான் வைத்தான். வேலையும் தப்பியது, லொறியும் தப்பியது, நாளைக்குப் பண்டாரவளை. சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

இறங்கிப் போய், சாக்கின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த கருப்பம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிக்குங்க அக்கா. என் கூறுகெட்ட ஹோர்னால நிறுவைன்னு நெனச்சு எல்லாரும் எறங்கி வந்து கஷ்டப்பட்டுட்டீங்க."

கருப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நிறுவைக்கு றொனி விசில் ஊதித்தானே தம்பி எத்தனையோ வருசமா எறங்குறோம்! இன்னைக்குக் காலையில பேரப்புள்ளைய விடப் போனப்ப உங்க ஜெசிந்தினிதான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்திக்கிட்டயும் சொல்லிச்சு, 'எங்க வீட்டு மனுசன் தள்ள வாங்கன்னு செத்தாலும் வாய தொறந்து கேக்க மாட்டாரு, ஆனா பற்றரிய மாட்டின ஒடனே ஹோர்னத்தான் அமுக்குவாரு, அந்தச் சத்தம் கேட்டா எல்லாரும் எறங்கி வந்துருங்கடீ'ன்னு!"