மஞ்சள் கண்ணை மூடவைத்த சங்கம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து, அதை நிறுத்துவது பற்றிச் செரி காயு தோட்ட நலச் சங்கம் அளவுக்கு ஆழமாக யோசித்த அமைப்பு இந்த உலகத்தில் வேறு கிடையாது. மற்றவர்கள் பிரேக்கை மிதித்தார்கள். சங்கம் கூட்டம் போட்டது.

சங்கத்துக்கு ஒரு வேன் உண்டு. தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கும் ஆட்களை விடிகாலையில் ரவாங் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போய், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கும். ஓட்டுநர் புனிதன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுத்து அறுத்துத் தோள்பட்டை தேய்ந்த பிறகு ஸ்டீரிங்குக்கு வந்தவர். அவர் மனைவி அன்பரசி தினமும் அந்த வேனில்தான், இரண்டாவது வரிசையில், வேலைக்குப் போகிறாள்.

தோட்டத்து ரோடு கோடு போட்ட மாதிரி நேராகப் போய்ப் பெரிய வாய்க்காலில் முட்டும். அங்கே இடது பக்கம் திரும்பலாம், வலது பக்கமும் திரும்பலாம். நேராகவும் போகலாம், அதற்கு நீச்சல் தெரிய வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, ஓட்டுநருக்கு முன்னாலிருக்கும் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் விட்டுவிட்டுக் கோடு. புனிதன் ஆட்களை இறக்கிவிட்டு நேரே தஞ்சோங் காராங்கில் குகனுடைய வர்க்‌ஷாப்புக்குப் போனார். குகன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து விசில் அடித்தான்.

"அண்ணே, பிரேக் பேடு பேப்பர் மாதிரி இருக்கு. இன்னும் ஓட்டுனா இரும்போட இரும்பு உரசும். மாத்திட்டுப் போங்கலா."

"சங்கத்து வேன் தம்பி. தலைவரக் கேக்கணும்."

"பிரேக் புடிக்கறதுக்கும் தலைவரக் கேப்பீங்களா?"

கேட்கத்தான் வேண்டும். தலைவர் ரவீந்திரன் தொலைநோக்கு உள்ளவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூர் மண்டபத்தில் 'பாதுகாப்பான பயணம்' என்ற விழாவில் தமக்குக் கிடைக்கப்போகும் கேடயம் வரைக்கும் அவருக்குத் தெரிந்தது. விழாவுக்கென்று பேனரும் அடித்தாகிவிட்டது. அதில் வேன் சின்னதாகவும் தலைவர் பெரியவராகவும் இருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வேனைத் தலைவரே தோளில் தூக்கிக்கொண்டு போவது போலத் தெரியும்.

"சங்கத்துக் காசு பேனருக்குப் போயிருச்சு புனிதா. பேடு என்ன, வெளிய தெரியற சாமானா?"

"தெரியாதுதான் தலைவரே. வாய்க்கா தெரியும்."

உடனே அவசரச் செயற்குழு கூடியது. பொருளாளர் காளியண்ணன், கோயில் பூசையையும் அவரே பார்ப்பவர், வேனுக்குள் ஏறி விளக்கை உற்றுப் பார்த்தார். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"அது லைட்டு இல்லப்பா. கண்ணு! சுத்திலும் இமை வேற இருக்கு. வேன் மேல திருஷ்டி பட்டிருக்கு."

"போன மாசம்தான பூசை போட்டோம்?" என்றார் புனிதன்.

"போட்டோம். நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வெச்சேன். நசுங்கனது மூணு. நாலாவது பழத்த யாரோ எடுத்துத் தலைவரோட ஐஸ் தேத்தண்ணியில புழிஞ்சிட்டாங்க."

"பழசக் கெளர்றது நம்ம சங்கத்து மரபு இல்ல" என்று தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார். விடுபட்ட பழத்தை வைத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. இடது முன்சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்கப்பட்டது. புனிதன் வேனை நகர்த்தினார். பழம் தன் கடமையைச் செய்து நசுங்கியது. விளக்கும் தன் கடமையைச் செய்து எரிந்துகொண்டே இருந்தது.

ஆன்மீகம் கைவிட்ட இடத்தில் விஞ்ஞானம் வந்தது. தலைவருடைய மச்சினன் சேது ரவாங்கிலிருந்து வரவழைக்கப்பட்டான். தொழிற்சாலையில் 'எலக்ட்ரானிக்' பிரிவில் பெட்டி ஒட்டுகிறவன். சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இவ்ளோதானா? பேடு தேஞ்சா இந்த ஒயரும் தேஞ்சு அறுந்துரும். அறுந்தா லைட்டு எரியும். ரெண்டு முனையையும் சேத்து முறுக்கிட்டா வேல முடிஞ்சது."

முறுக்கினான், டேப் ஒட்டினான். விளக்கு அணைந்தது. செயற்குழு எழுந்து நின்று கைதட்டியது. காளியண்ணன், பழம் கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்றார்.

"லைட்டு அணஞ்சிருச்சு" என்றார் புனிதன். "பேடு வளந்துருச்சா?"

தலைவர் அவர் தோளில் கைவைத்தார். "உன்கிட்ட ஒரே கொறை புனிதா, எப்பவும் 'நெகட்டிவா' பேசற. ஓட்ட இஷ்டம் இல்லன்னா சொல்லு. ஓட்டறதுக்கு ஆளு வரிசையில நிக்குது."

புனிதன் வேன் சாவியை எடுத்துக்கொண்டார். அந்தத் தோளை வைத்துக்கொண்டு இனிமேல் குலை அறுக்கப் போக முடியாது.

வீட்டில் அன்பரசி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"லைட்டு அணஞ்சிருச்சு."

"நான் லைட்டப் பத்திக் கேக்கல."

"பெடலு உள்ள போவுது. கியர எறக்கி எறக்கித்தான் நிறுத்தறேன்."

"அப்ப நாளைக்கு நான் எதுல போவட்டும்?"

மறுநாளும் அவள் அதில்தான் போனாள். வாய்க்கால் வருகிறபோதெல்லாம் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாரக் கடைசியில் இரும்பு இரும்பை உரசி, கேட்கிறவன் பல் கூசுகிற மாதிரி வேன் கத்தியது. அது வண்டி 'சுறுசுறுப்பாக' இருப்பதன் அடையாளம் என்று சேது விளக்கம் கொடுத்தான்.

ஞாயிறு வந்தது. வேனுக்கு மாலை, வேனின் விலாவில் பேனர். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகச் சனம் ஏறி உட்கார்ந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் தலைவருக்காக ஒரு தலையணை போட்டிருந்தார்கள். புனிதன் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க தலைவரே."

தலைவர் வேனைப் பார்த்தார். நேரான ரோட்டைப் பார்த்தார். ரோட்டின் கடைசியில் பளபளத்த தண்ணீரைப் பார்த்தார்.

"எனக்கு இடுப்பு வலி புனிதா. நான் நம்ம காருலயே வந்தர்றேன்."

"சரிங்க. அப்ப நீங்க முன்னால போங்க. தலைவரு முன்னால போனாத்தான சங்கத்துக்கு மரியாதை."

தலைவர் காரின் கதவைப் பிடித்தபடி யோசித்தார். வாய்க்கால் முனையில் தம் கார் நிற்பதையும், பின்னால் ஒரு வேன் நிற்காமல் வருவதையும் அந்தத் தொலைநோக்குக் கண் பார்த்திருக்க வேண்டும்.

"வேணாம், வேணாம். நீங்க முன்ன போங்கலா. நான் பின்னால வரேன்."

"ஒட்டியே வருவீங்களா தலைவரே?"

"கொஞ்சம் தள்ளி."

இரண்டாவது வரிசையில் அன்பரசி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"லைட்டு அணஞ்சதுக்குக் கைதட்டுன மனுசன் உள்ளயும் ஏற மாட்டேங்கறாரு, முன்னாலயும் போக மாட்டேங்கறாரு. இன்னும் என்னா உக்காந்திருக்கீங்க? எறங்குங்க எல்லாரும்!"

ஒவ்வொருவராக இறங்கினார்கள். வழிக்கு வேண்டுமென்று கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்த காளியண்ணன்கூட இறங்கினார். புனிதன் சாவியை உருவித் தலைவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"ஓட்டறதுக்கு ஆளு வரிசையில நிக்குதுன்னீங்களே தலைவரே. கூப்புடுங்க."

வரிசையில் யாரும் இல்லை. சேது செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

தலைவர் தம் காரில் தனியாகப் போய்க் கேடயத்தை வாங்கிவந்தார். திங்கட்கிழமை ஒருவரும் வேன் பக்கம் போகவில்லை. ஆள் வராத தொழிற்சாலை தலைவருக்குப் போன் போட்டது. பேனருக்குப் போய்விட்ட சங்கத்துக் காசு எந்த வழியாகத் திரும்பி வந்ததோ, சாயந்திரத்துக்குள் குகன் புதுப் பேடு மாட்டிவிட்டான். முறுக்கின ஒயரையும் பிரித்துப் புதுசு போட்டான்.

கேடயம் சங்க மண்டபத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அது அவருக்குத் தகும். பேடு தேய்ந்ததைக் குகன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துத்தான் நம்பினான். தலைவருக்கு அது கழற்றாமலே தெரிந்திருந்தது; ஏறுகிறவர்கள் மற்றவர்களாக இருந்தவரைக்கும் வெளியே சொல்லத்தான் தேவைப்படவில்லை.

இப்போதெல்லாம் வேன் ஏற வருகிறவர்கள் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதில்லை. தலைவர் எதில் ஏறுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார்கள்.