முன்னனுபவம் பார்ப்பவர்

"அதெல்லாம் சரி, முன்னனுபவம் என்ன?" என்று கேட்டுக்கொண்டே செல்வரட்ணம் மைக்ரோவேவின் கதவைச் சாத்தினார். உள்ளே புட்டும் மீன்குழம்பும் சுற்றத் தொடங்கின.

"ஆருக்கு?" என்றான் கூட வேலைசெய்யும் பீற்றர்.

"இப்ப நீ சொன்ன ஆளுக்கு."

"நான் புதுசாத் திறந்த தமிழ்க்கடைக்காரரைச் சொன்னன் அண்ணை. மரவள்ளிக்கிழங்கு பழுதில்லாமப் பாத்துத் தாறார் எண்டு."

செல்வரட்ணம் சற்று யோசித்தார். "கிழங்கு விக்கிறதுக்கும் ஒரு முன்னனுபவம் வேணும்தானே."

நீங்கள் இவரைச் சந்தித்திருக்கிறீர்கள். டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகரத்துக்கு வெளியே, ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டறையில்தான் சந்தித்தீர்கள் என்றில்லை. கோயில் மண்டபத்தில், விமான நிலையத்தில், பிள்ளையின் பல்லைக் காட்டப்போன இடத்தில், எங்கேயோ. முன்னனுபவம் பார்ப்பவர் என்பது ஒரு வகை. சாதகம் பார்ப்பவர் பிறந்த நேரத்தைக் கேட்பார். இவர், பிறந்த பிறகு இதுவரை என்ன செய்தார் என்று கேட்பார். பொருத்தமில்லை என்று சொல்லும்போது இருவர் முகத்திலும் வருவது ஒரே களைதான்.

செல்வரட்ணம் சாதாரண ஆட்களின் முன்னனுபவத்தைப் பார்ப்பது கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்காக மட்டுமே. அவருடைய உண்மையான துறை சனாதிபதிகள். உலகத்தின் எந்த மூலையில் யார் சனாதிபதித் தேர்தலுக்கு நின்றாலும் அவர் ஜன்னல் சட்டங்களுக்கு மணல்தாள் போடும் மேசையைத் தாண்டாமல் போகமுடியாது. அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. பாராளுமன்றத்தில் எத்தனை வருடம் இருந்தார்? எந்த அமைச்சை நடத்தினார்? ஒரு தேர்தலிலாவது தோற்றாரா? முதலிரண்டும் யாரும் கேட்கக்கூடியவை. மூன்றாவது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. தோற்காதவனிடம் நாட்டைக் கொடுக்கக்கூடாது, வெற்றியை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியாது என்பார். அமெரிக்காவில் முதல் தவணையைக்கூட முடிக்காத ஒரு செனட்டர் நின்றபோது, "ஆள் நல்லாத்தான் கதைக்கிறார், கதைக்கிறது அனுபவமில்லை" என்று ஒரு வருடம் கதைத்தார். செனட்டர் வென்றார். செல்வரட்ணம் அசையவில்லை. "வெண்டது வேற. அனுபவம் வேற."

மூன்றிலும் தேறியவர்கள் உலகத்தில் சிலர் இருந்தார்கள். எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள்.

டென்மார்க்கில் சனாதிபதி இல்லை. இது அவருக்குப் பெரிய குறையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து இயந்திரத்தில் வேலைசெய்யும் கிம் ஒருநாள், எங்களுக்கு ராணிதானே, அவரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டபோது, செல்வரட்ணம் மணல்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். "பிறந்த நாளிலயிருந்து அனுபவம்." கிம் இதை வீட்டில் போய்ச் சொன்னானாம்.

அவருடைய சொந்த முன்னனுபவம் என்ன என்று கேட்கிறீர்களா? கேட்டிருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவராக வரச்சொல்லி ஒருமுறை வீடு தேடி வந்தார்கள். "எனக்கு முன்னனுபவம் இல்லை" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அப்படியென்றால் முன்னனுபவம் எப்படி வரும் என்று பீற்றர் கேட்டான். "அதுதான் சொல்லுறன், உலகத்தில தலைவருக்குப் பஞ்சம்." போன கார்த்திகையில் நகரசபைத் தேர்தல் வந்தது. வாக்கு அட்டை வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கியது. போய்ப் போடுங்கோவன் என்று மகள் சுஜீதா டெனிஷில் சொன்னாள். வேட்பாளர்களின் படங்களைத் தன் முன்னே பரப்பிவைத்து ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசிப் படத்தைத் தள்ளும்போது வாக்களிப்பு முடிந்திருந்தது. அவருக்கு ஜன்னல் தொழிற்சாலையில் வேலை கொடுத்த அன்று யாரும் முன்னனுபவம் கேட்கவில்லை. கையுறையின் அளவைத்தான் கேட்டார்கள். அதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

ஒரு காலம் மட்டும் அவர் யாருடைய முன்னனுபவத்தையும் பார்க்காமல் இருந்தார். இரண்டாயிரத்தொன்பது மாசியிலிருந்து வைகாசி முடியும்வரை. தங்கை ராசமலர் மகன் தாரகனோடு வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தாள். கிளிநொச்சியிலிருந்து தள்ளித் தள்ளிக் கடைசியில் மாத்தளன் கடற்கரையில் பங்கர் வெட்டி இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த மாதங்களில் செல்வரட்ணம் சாப்பாட்டறையில் சோற்றுப்பெட்டியைத் திறப்பார், மூடுவார். கோப்பன்ஹேகனில் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்வந்து தொண்டை கட்டிக்கிடந்தது. வைகாசிக்குப் பிறகு ராசமலர் முகாமிலிருந்து கதைத்தாள். தான் இருக்கிறேன் என்றாள். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் தாரகனை மற்றப் பக்கம் போகச் சொன்னார்கள், போனான், தடுப்பில் வைத்திருக்கிறார்கள், இன்னும் விடவில்லை என்றாள்.

பிறகு இலங்கையில் சனாதிபதித் தேர்தல் அறிவித்தார்கள்.

அன்று செல்வரட்ணம் மைக்ரோவேவின் முன்னால் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். நோய் தீர்ந்து முதல் நாள் வேலைக்கு வந்தவரைப்போல இருந்தார். பிரதான வேட்பாளர்கள் இருவர். ஒருவர் பதவியிலிருக்கும் சனாதிபதி. மற்றவர் அவருடைய யுத்தத்தை நடத்திக் கொடுத்த தளபதி, சீருடையைக் கழற்றிவிட்டு நேராக வந்திருந்தார். யுத்தத்தை வென்றது தான்தான் என்று இருவரும் சொன்னார்கள். தளபதியைத் தட்டிவிட ஒருநாள் மதியம் போதுமாயிருந்தது. பாராளுமன்றம் இல்லை, அமைச்சு இல்லை, தோல்வி இல்லை. மூன்றுக்கும் பூச்சியம். மற்றவரை எடுத்தார். வாலிபத்திலிருந்தே பாராளுமன்றம். அமைச்சு ஒன்றுக்கு மேல். பிரதமராகவும் இருந்தார். ஒருமுறை தோற்றுமிருக்கிறார்.

செல்வரட்ணத்தின் கையில் கரண்டி நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக, உயிரோடிருக்கும் ஒருவர் மூன்றிலும் தேறியிருந்தார்.

அதை அவர் வெளியில் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டறையின் தமிழ் மேசையில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். பீற்றர்தான் முதலில் கூட்டிப்பார்த்தான்.

"அப்ப முதலாவது ஆள் பாஸோ அண்ணை?"

"இன்னும் முடிவு சொல்லேல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்."

"ஓ.எல். சோதனைப் பேப்பர் திருத்தவும் இவ்வளவு நாள் எடுக்காது," என்றாள் பொதி கட்டும் பகுதியில் வேலைசெய்யும் றோசலின். "மனுசன் அந்தாளை விழுத்த நாலாவது கேள்வி தேடுது."

தேடத்தான் செய்தார். மார்கழி முழுதும் தேடினார். தை வந்தது, பனி முழங்காலுக்கு ஏறியது. நாலாவது கேள்வி வரவில்லை.

வாக்களிப்புக்கு முதல் நாள், திங்கட்கிழமை, மதிய இடைவேளையில் அவருடைய கைத்தொலைபேசி ஒருமுறை அடித்து நின்றது. ராசமலர். அவளுக்கு அங்கேயிருந்து எடுக்கக் காசு கட்டாது, ஒரு மிஸ்ட் கோல் விட்டால் அவர் தொலைபேசி அட்டையில் திருப்பி எடுப்பார். முகாமிலிருந்து விட்டபிறகு வவுனியாவில் தெரிந்தவர்களுடைய வீட்டு விறாந்தையில் இருந்தாள். செல்வரட்ணம் அட்டையின் இலக்கங்களை அழுத்தினார்.

"அண்ணை, கேக்குதோ? நாளைக்கு எலெக்சன்."

"தெரியும், தெரியும். சொல்லு."

"இஞ்ச எங்களோட முகாமில இருந்த சனமும் நிக்குது. என்ர அண்ணைக்கு உந்த அரசியல் எல்லாம் அத்துப்படி எண்டு நான்தான் சொன்னனான். ஆருக்குப் போடுறதெண்டு கேட்டுச் சொல்லட்டாம்."

அவருடைய முகத்தைப் பார்த்து, சங்கத் தலைவர் பதவியை மறுபடி கொடுக்கிறார்களோ என்று பீற்றர் நினைத்தான். இத்தனை வருடமும் அவர் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் இப்போதுதான் கேட்டிருக்கிறது, அதுவும் வாக்கோடு. செல்வரட்ணம் கைத்தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார். ஸ்பீக்கரை அழுத்தினார். எல்லோரும் கேட்கட்டும்.

"ஒழுங்கா வாறன், கவனமாக் கேள். இப்ப நிக்கிற சனாதிபதி இருக்கிறார். அவருக்குப் பாராளுமன்ற அனுபவம் இருக்கு. மந்திரியா, பிரதமரா…"

"ஓம்."

"மற்றாளுக்கு அரசியல் அனுபவம் ஒரு சொட்டும் இல்லை. பட்டாளத்தில இருந்து நேர வந்து நிக்கிறார்."

"அந்தாளின்ர அனுபவம் எங்களுக்குத் தெரியும் அண்ணை. நாங்கள் மாத்தளனில இருந்தனாங்கள்."

பக்கத்து மேசை டெனிஷ்காரர்கள் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரின்ர அனுபவமும் எங்களுக்குத் தெரியும்," என்றாள் ராசமலர். குரலில் கோபம் இருக்கவில்லை. அரிசி என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அதை நான் கேக்கேல்லை. ஆர் வந்தால் தாரகனை விடுவினம்? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்: "பிள்ளை, என்ர மனுசனையும் சேத்துக் கேள். அவரும் தடுப்பிலதான்."

"அதை அப்பிடிப் பாக்கேலாது ராசமலர்…"

"எப்பிடிப் பாக்கிறது? சொல்லுங்கோ, அப்பிடிப் பாக்கிறம்."

செல்வரட்ணம் மேசையைப் பார்த்தார். இரண்டு மாதமாக ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருந்த மேசை அது. தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்ற றோசலின் தன் அப்பிள் பழத்தில் ஒரு பழுதைக் கண்டுபிடித்திருந்தாள். எரியிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று நாள்தோறும் நியாயம் பிளந்த பீற்றர் காற்சட்டைப் பைக்குள் எதையோ துழாவினான். தொலைபேசிக்குள் இருக்கும் அந்நியப் பெண் குறுக்கிட்டு, அட்டையில் இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். பீற்றர் துழாவியதை வெளியில் எடுத்தான். புது அட்டை. ஒரு குரோன் நாணயக் குற்றியால் சுரண்டி, இலக்கம் தெரிய, செல்வரட்ணத்தின் முன் தள்ளினான்.

"இந்தாங்கோ அண்ணை. ஆறுதலாக் கதையுங்கோ."

செல்வரட்ணம் அட்டையைப் பார்த்தார். அதில் ஒரு தென்னை மரம் படம் போட்டிருந்தது.

"லைன் சரியில்லை ராசமலர்," என்றார். "விளங்கேல்லை. வெட்டி வெட்டிக் கேக்குது."

ஸ்பீக்கரில் வவுனியா விறாந்தையில் ஒரு கோழி நடப்பதுகூடக் கேட்டது. மேசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

ராசமலர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னாள். அண்ணனை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்ற கவனத்தோடுதான் சொன்னாள்.

"பாவம், அண்ணை அங்க போய் எத்தினை வருசம். அவருக்கு இதில என்ன அனுபவம்? நாங்களே யோசிச்சுப் போடுவம்."

பிறகு அவரிடம், "சரி அண்ணை, நீங்கள் வேலையைப் பாருங்கோ. அங்க குளிரோ?"

"ஓம். பனி கொட்டுது."

இணைப்பு அறுந்தது. கிம் பக்கத்து மேசையிலிருந்து திரும்பி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டான். சுகம் என்றார் செல்வரட்ணம். பீற்றரின் அட்டை மேசையிலேயே கிடந்தது. மணி அடித்ததும் பீற்றர் அதை எடுத்துப் பைக்குள் போட்டான், எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இரவு பனி பெய்திருந்ததால் பேருந்து பிந்தி வந்தது. இரண்டாம் இயந்திரம் பழுது, ஒரு மணித்தியாலம் சும்மா நின்றார்கள். மதியம் செல்வரட்ணம் புட்டைச் சூடாக்கினார். ஒருவரும் தேர்தலைப் பற்றிக் கதைக்கவில்லை. கிம் கோப்பிக் குவளையோடு வந்து, மாசியிலிருந்து புது மேற்பார்வையாளர் வருகிறாராம், ஓல்போர்க் பக்கத்து ஆளாம் என்று சொன்னான். மேசை வழக்கம்போலச் செல்வரட்ணத்தின் வாயைப் பார்த்தது. அவர் மென்றுகொண்டிருந்தார்.

"முன்னனுபவம் என்னவாம்?"

கேட்டது பீற்றர். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவனுக்கே தெரிந்தது. றோசலின் சிரிக்கப்போய்ச் சிரிக்காமல் விட்டாள். பிறகு அவளும், மெய்தானே, எத்தனை பேரை வைத்து வேலை வாங்கியிருப்பார் என்றாள்.

கைத்தொலைபேசி ஒருமுறை அடித்து நின்றது. செல்வரட்ணம் ராசமலரின் பெயரைப் பார்த்தார். பீற்றரிடம் கையை நீட்டினார். பீற்றர் நேற்றைய அட்டையை எடுத்துக் கொடுத்தான். அவர் எழுந்து, ஜக்கெட்டுகள் தொங்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்பீக்கர் போடவில்லை. என்ன கதைத்தார்கள் என்று மேசைக்குத் தெரியாது. மணி அடித்தும் அவர் வரவில்லை, கிம் அவருடைய இயந்திரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான்.

அவருடைய கதிரை வெறுமையாக இருக்கிறது, மைக்ரோவேவுக்குப் பக்கத்தில், மேசை முழுவதும் தெரியும்படி. இவ்வளவு நேரம் அவரை நன்றாக எடைபோட்டுக்கொண்டு வந்த உங்களுக்குக் கால் உளைந்திருக்கும். உட்காருங்கள். முன்னனுபவம் தேவையில்லை.